ஹசீனா நூல் போட மறுத்த நாள்

ஜூன் 12, திங்கள்

தாடையில் ஏழு முடி. கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து எண்ணினேன். சித்திரையில் இரண்டுதான் இருந்தது. பூனைமுடி என்றால் விட்டுவிடலாம். இது கறுப்பாக, கெட்டியாக, விரலில் குத்துகிறது.

யாரிடமும் சொல்வதற்கில்லை. அதனால் நூல் கடைக்காரர் கொடுத்த டைரியில் எழுதுகிறேன். முன்பக்கமெல்லாம் ஆர்டர். இது பின்பக்கம்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருஷம். நின்றபோது சந்தோஷப்பட்டேன். சந்தை நாளில் அந்த வலியோடு மூட்டை தூக்கியவளுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும். எல்லாம் முடிந்தது என்று இருந்தவளுக்கு இது என்ன புதுசாக?

என் கணவர் மாரப்பன் கட்டிங் மாஸ்டர். அவர் நைட்டி வெட்டுவார். அதை வீடு வீடாகத் தைக்கக் கொடுத்து வாங்கி, ஈரோட்டில் கடை போட்டு, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவது நான். பன்னிரண்டு நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் போன பாவாயிதான் நான். இன்றைக்கு லாரி ஷெட்டில் என் பெயரைச் சொன்னால் பார்சலுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். பொழுது விடிந்தால் நூறு பேர் முகத்துக்கு நேரே நின்று பேசுகிற தொழில். ஏழு முடி சின்ன விஷயம் இல்லை.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய ரேசரை எடுத்து இழுத்துவிட்டேன்.

ஜூன் 27, செவ்வாய்

சந்தை. நல்ல கூட்டம். திருச்செந்தூரிலிருந்து புதிதாக ஒரு கடைக்காரர் போன் செய்தார். பெயர் தங்கப்பழம். நான் ‘ஹலோ’ என்றதுமே ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணாச்சி, வணக்கம். காட்டன் நைட்டி, ஜிப் வச்சது, என்ன வெலைக்குத் தருவிய?”

கொஞ்ச நாளாகத் தொண்டை கரகரப்பு. பஞ்சுத் தூசி. நான் பெண் என்று சொல்வதற்குள் வாய் விலையைச் சொல்லிவிட்டது.

“சரி அண்ணாச்சி. ரெண்டு பண்டல் போட்டு விடுங்க.” வைத்துவிட்டார்.

பேரமே இல்லை! இருபத்தாறு வருஷத்தில் போனில் என் முதல் விலைக்கு ஒருவர்கூடத் தலையாட்டியதில்லை. “என்னம்மா இப்படிச் சொல்றீங்க, வீட்ல அண்ணன் இருந்தாக் குடுங்க” என்பார்கள். அண்ணன் பேசினால் கட்டுப்படியாகும் என்று ஒரு நினைப்பு. இன்றைக்கு அண்ணனே பேசியாகிவிட்டது.

ஜூலை 10, திங்கள்

இந்த பிளேடு நல்ல சரக்கு. ஒரு மாதமாக அவரும் சவரம் செய்கிறார், நானும் செய்கிறேன், மழுங்கவே இல்லை. எந்தக் கம்பெனி என்று பார்த்து வைக்க வேண்டும்.

ஆனால் காலையில் எடுத்தால் பொழுது சாயும்போது சொரசொரவென்று ஆகிவிடுகிறது. பேசும்போது கை தானாகத் தாடைக்குப் போகிறது. விலை பேசுகிறவள் தாடையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றால் எதிரில் இருப்பவன் சந்தேகப்படுவான். அதனால் கடைக்குப் பின்சந்தில் ஹசீனாவின் பார்லருக்குப் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும். மாடிப்படிக்குக் கீழே இரண்டு நாற்காலி, ஒரு திரை, அவ்வளவுதான் கடை.

“வாங்கக்கா. ஃபேஷியலுங்களா?”

“மூஞ்சிய வெள்ளையாக்கி எந்தச் சந்தைக்குப் போறது? இந்த முடிய எடுத்து உடு, போதும்.”

தாடையைத் தூக்கிப் பார்த்தாள். “பிளேடு போட்டீங்களா?”

“போட்டேன். அதனாலதான் இப்படிக் கெட்டியா வருதா?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்படியெல்லாம் இல்லைங்கக்கா. பிளேடு மொட்டையா வெட்டுது, அதான் குத்துது. வர்றது உள்ளயிருந்து வர்றதுதான்.”

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை விரல்களில் மாட்டி ஓட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயில் நூல் இருக்கும்வரை அவளால் பேச முடியாது. அதுவும் நல்லதுதான். கேள்வி கேட்காத கடை எனக்குப் பிடிக்கும்.

ஜூலை 23, ஞாயிறு

வியாபாரிகள் சங்கத்தில் இலவச மருத்துவ முகாம். எனக்கு ரத்தம் பதினேழு பாயிண்ட் இருக்கிறதாம். சோதித்த பெண், “ஆம்பளைங்களுக்கே இவ்வளவு இருக்கறதில்லீங்” என்றாள். பக்கத்துக் கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே தெம்பாகத்தான் இருக்கிறது. நேற்று ஒரு பண்டலைத் தனியாகவே தூக்கி வைத்தேன்.

ஏதோ சீட்டு எழுதி, பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். பில் ஃபைலில் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, புதன்

முன்தலையில் முடி கொட்டுகிறது. ஈரோட்டுத் தண்ணீர்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

துண்டுக் கடை சம்பூரணத்துக்கு வாய் நீளம். போன சந்தையில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள்.

“ஏனுங்க்கா, கொரலு என்ன இப்படி ஆயிருச்சு? மஞ்ச தேச்சுக் குளிக்கோணும். சோப்பப் போட்டுக் குளிச்சா மீச மொளைக்காம என்ன பண்ணும்? ஆம்பள யாவாரம் பண்ணிப் பண்ணி ஆம்பளையாவே மாறிப்போட்டீங்களா?”

“மாறுனா உனக்கென்ன நட்டம்? உன்ற துண்டையும் சேத்து வித்துத் தாரேன், கொண்டா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும் வழியில் மஞ்சள் வாங்கினேன். நான்கு நாள் தேய்த்துப் பார்த்ததில் தலையணை உறை மஞ்சளானதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த இரண்டு மாதத்தில் போனிலேயே நான்கு புதுக் கடை பிடித்திருக்கிறேன். நான்கு பேரும் என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தொண்டைக்கு மருந்து வாங்கவில்லை. தீபாவளி ஆர்டர் முடியும்வரை இந்தக் குரல் இப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோன்றியது.

செப்டம்பர் 4, திங்கள்

ஹசீனா என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துவிட்டேன். அவள் நூலை எடுத்தாள், லைட்டைப் போட்டாள், கழுத்து வரைக்கும் பார்த்தாள். நூலைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

“நான் போட மாட்டேன்க்கா.”

“ஏன், கை வலிக்குதா?”

“மொதல்ல நாலு வாரங்கழிச்சு வந்தீங்க. அப்புறம் மூணு வாரம். இப்ப எட்டே நாள். வயசானா நாலஞ்சு முடி வரும், நான் தெனமும் பாக்கறேன். இது அப்படியில்ல. கழுத்துக்கு எறங்கிருச்சு. கொரலும் மாறிருச்சு. டாக்டரப் பாத்துட்டு வாங்க, அப்புறம் எத்தன தடவ வேண்ணாலும் போடறேன்.”

“நீ பார்லர் வெச்சிருக்கியா, ஆஸ்பத்திரி வெச்சிருக்கியா? வந்த யாவாரத்த யாராச்சும் திருப்பி அனுப்புவாங்களா?”

அவள் கோபப்படவில்லை. “முன்னாடி ஒரு டீச்சரம்மா வந்துட்டிருந்தாங்க. இதே மாதிரி. எனக்கு என்னமோ சரியில்லைன்னு பட்டுச்சு. கஸ்டமர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாயில நூலக் கடிச்சுட்டே இருந்துட்டேன். ஒன்றரை வருசம் போட்டேங்க்கா. அப்புறம் அவங்க வரல. வீட்டுக்காரர்தான் வந்து சொன்னாரு.”

ஒரு கார்டின் பின்னால் ஒரு லேடி டாக்டர் பெயரை எழுதி நீட்டினாள். வாங்காமல் வந்துவிட்டேன். வாசல்படி இறங்கும்போது என் பையில் அதைத் திணித்துவிட்டாள்.

செப்டம்பர் 6, புதன்

பெரிய ரோட்டில் ஏசி பார்லர். ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எடுத்தாள், துடைத்தாள், “அடுத்தது யாருங்க?” என்றாள். இப்படித்தான் இருக்க வேண்டும் கடை.

மனசு நன்றாக இல்லை.

செப்டம்பர் 14, வியாழன்

நூல் போடாத நாளில் அவசரத்துக்கு எனக்கு இன்னும் அவர் ரேசர்தான். அவர் மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் சொன்னேன், “ஏனுங், உங்க பிளேடு எந்தக் கம்பெனி? மாசக்கணக்கா மழுங்காமயே இருக்குதே.”

கத்தரி நின்றது.

“நாந்தான் தெனமும் மாத்தி வெக்கறேன்.”

எனக்குப் புரியவில்லை.

“மழுங்குன பிளேடுல இழுத்தீன்னா கிழிச்சுக்குவ. அதான், நான் பண்ணிட்டுப் புதுசு மாட்டி வெச்சுட்டு வருவேன்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“வைகாசியிலிருந்து தெரியும்.”

“ஒரு வார்த்த கேக்கலையே?”

“நீ சொல்லுவீன்னு இருந்தேன்.” துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போலப் பத்து வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இன்றைக்குப் பேசினார். “முடிக்காக நான் பயப்படல புள்ள. திருச்செங்கோட்டு மலைமேல சாமியே பாதி ஆம்பள, பாதி பொம்பள. நாம போயிக் கும்புடறோமல்ல? ஆனா உன்ற கொரலு மாறுது பாரு, அதான்... காலைல நீ சமையக்கட்டுல பேசுனா யாரோ வந்திருக்காங்கன்னு தூக்கிவாரிப் போடுது. பயமா இருக்குது.”

ஸ்டாக் எண்ண வேண்டியிருந்தது. குடோனுக்குப் போய்விட்டேன். அங்கே தூசி அதிகம். கண் எரிந்தது. எண்ணி முடிக்க ரொம்ப நேரமாகிவிட்டது.

பையில் கார்டு இருந்தது.

செப்டம்பர் 20, புதன்

டாக்டர் பெயர் மணிமொழி. என் மகள் வயதுதான். நான் தாடையைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று போனேன். அந்தம்மா விடவில்லை. மாதவிலக்கு எப்போது நின்றது, அம்மாவுக்கு இப்படி இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், முட்டிவலிக்கு யாராவது பொடி கொடுத்தார்களா, எல்லாம் கேட்டார். முதல் கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றேன்.

“குரல் எப்ப மாறுச்சு?”

“அது பஞ்சுத் தூசிங்.”

“வைகாசியிலிருந்துங்” என்றார் என் பின்னால் நின்றவர்.

முகாமில் எடுத்த ரத்தச் சீட்டையும் அவரே பில் ஃபைலில் தேடி எடுத்து வந்திருந்தார். எனக்குத் தெரியாது. பதினேழு என்று நான் பெருமை அடித்ததைப் பார்த்து டாக்டர் சிரிக்கவில்லை.

“பீரியட்ஸ் நின்னதுக்கப்புறம் பெண் ஹார்மோன் கொறஞ்சுரும்மா. ஆண் ஹார்மோன்னு சொல்றமே, அது எல்லாப் பெண்கள் உடம்புலயும் கொஞ்சம் இருக்கு. அது அந்த அளவுக்குக் கொறையாது. அதனால தாடையில, மேலுதட்டுல சில முடி வர்றது சகஜம். சில குடும்பத்துல வாகே அப்படி. சில மாத்திரையால வரும். ஆனா உங்களுக்குச் சில மாசத்துல இவ்வளவு வந்திருக்கு, குரல் தடிச்சிருக்கு, முன்தலை கொட்டியிருக்கு, ரத்தமும் ஏறியிருக்கு. எங்கயோ ஒரு இடத்துல அந்த ஹார்மோன் அளவு மீறிச் சுரக்குது. சினைப்பையா இருக்கலாம், கிட்னிக்கு மேல இருக்கற சுரப்பியா இருக்கலாம். தேடணும்.”

நான் தண்ணீர், தூசி, மஞ்சள் என்று தனித்தனியாகக் கட்டி வைத்திருந்ததையெல்லாம் அந்தம்மா ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

செப்டம்பர் 27, புதன்

வலது சினைப்பையில் கட்டி. எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு. அந்த ஹார்மோன் பெண்களுக்கு இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு.

“புத்துங்களா?”

“இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் அப்படி இருக்கறதில்ல. சிலது இருக்கும். எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

“தீபாவளி நவம்பர் பன்னெண்டு. பதிமூணாந் தேதி காலைல வந்து படுத்துக்கறேன்.”

“முடியாதும்மா.”

“வருசத்துல பாதி யாவாரம் இந்த ஆறு வாரத்துலதானுங். சரி, ஒரு மாசம் குடுங்க.”

“உங்க ரத்தம் கெட்டியா இருக்கு. எங்கயாவது அடைச்சுக்கிட்டா அப்புறம் நான் தேதி குடுக்கவே வேண்டியதில்ல. அக்டோபர் ஒன்பது.”

முதல் விலையிலேயே நிற்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். ஒன்பதுக்குச் சம்மதித்தேன்.

கையெழுத்துப் போடும்போது பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய்விட்டது. பேனா சரியில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

நாளைக்கு ஆபரேஷன். சிறு துளைகள் வழியாகவே எடுத்துவிடுவார்களாம். அவரிடம் போனைக் கொடுத்து எந்தக் கடைக்கு எந்த ரகம் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு கடைக்காரரிடமும் பேசியறியாத மனுஷர், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டார். மகள் ஓசூரிலிருந்து வந்துவிட்டாள்.

மதியம் ஹசீனா வந்தாள். யார் சொன்னார்களோ. படியிலேயே நின்றுகொண்டு, “துஆ பண்றேன்க்கா” என்றாள். நான் “காபி குடிச்சுட்டுப் போ” என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 13, வெள்ளி

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு சினைப்பையையும் எடுத்தாகிவிட்டது. இந்த வயதில் அவை தேவையில்லை என்றார் டாக்டர். கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பத்து நாள்.

காலையில் போன் அடித்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டு எடுத்தார். இவருடைய குரல் சின்ன வயதிலிருந்தே மெல்லிசு.

“ஹலோ... சொல்லுங்கொ.”

“யாரு, வீட்டம்மாவா? அண்ணாச்சி இல்லையா? திருச்செந்தூர் தங்கப்பழம்னு சொல்லுங்கம்மா. அவியகிட்ட குடுங்க.”

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். போனை என் வாயருகே நீட்டிவிட்டார்.

“அண்ணாச்சி!” என்றார் அங்கிருந்து. “என்ன, நாலஞ்சு நாளா வீட்டம்மாவே எடுக்காவ?”

“நான்தாங்க வீட்டம்மா. அவருதான் அண்ணன். என் பேரு பாவாயி. ஒடம்புல ஒரு கட்டி, அதனால கொரலு இப்படி. ஆபரேசன் பண்ணிப் படுத்திருக்கேன்.”



“யெக்கா,” என்றார். “நீங்கதானா அது! எம்பொண்டாட்டிகிட்ட நாலு மாசமாச் சொல்லிட்டுக் கெடக்கேன், ஈரோட்டுல ஒரு அண்ணாச்சி, சொன்ன சரக்க சொன்னபடி அனுப்புத ஆளுன்னு. நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா. முருகன் பாத்துக்கிடுவான்.” பிறகு குரலைத் தணித்து, “தீபாவளிக்கு ஆறு பண்டல் வேணும். வெலையில கொஞ்சம் கொறைக்கப்படாதாக்கா?”

அண்ணாச்சியிடம் கேட்காததை அக்காவிடம் கேட்கிறார்! சிரித்ததில் தையல் போட்ட இடமெல்லாம் சுரீரென்றது. “அதே வெலதானுங்” என்றேன். என்ன குரலாக இருந்தால் என்ன.

“சரிக்கா, சரிக்கா” என்றார்.

அக்டோபர் 21, சனி

புற்று இல்லை.

டாக்டர் சொன்னதும் இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தில் அந்த ஹார்மோனும் இறங்கிவிட்டதாம். முடி மெதுவாகக் குறையும், ஏற்கெனவே இருப்பதை நூலால் எடுத்துக்கொள்ளலாம். குரல் முழுக்கப் பழையபடி ஆகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். ஆகாவிட்டால் போகிறது.

வீட்டுக்கு வரும் வழியில் டீ குடித்தோம். வெயில், பஸ், எதிரே ஒருத்தி பூக்கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் எனக்கென்று யாரோ புதிதாக இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

நவம்பர் 11, சனி

நாளைக்குத் தீபாவளி. கடைசிப் பண்டலும் போய்விட்டது. தைக்கிறவர்களும் சம்பூரணமும் இவரும் சேர்ந்தே முடித்துவிட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டியதோடு சரி. இவ்வளவு பேர் என்னைத் தாங்குவார்கள் என்று இத்தனை வருஷம் தெரியாமல் தனியாகவே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டிசம்பர் 18, திங்கள்

டாக்டர் இனி வேலைக்குப் போகலாம் என்றதும் முதலில் ஹசீனாவின் பார்லருக்குப் போனேன். ஒரு கல்லூரிப் பெண் புருவத்துக்காகக் காத்திருந்தாள். ஹசீனா லைட்டைப் போட்டுக் கழுத்திலிருந்து காது வரை பார்த்தாள்.

“புதுசா வரலைங்கக்கா. இருக்கறதும் மெலிஞ்சிருக்கு.”

“அப்ப இன்னைக்குப் போடுவியா?”

“இன்னைக்குப் போடாம?”

நன்றி என்ற வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய் எனக்கு. விற்பதற்கு ஆயிரம் பேச்சு வரும், இதற்கு ஒன்றும் வராது. அவளுக்கு ஒரு பட்டுச் சேலை கொண்டுபோகத் தோன்றியது. கொண்டுபோனால் திருப்பிக் கொடுத்துவிடுவாள், இவளுக்குத்தான் திருப்பி அனுப்புவது கைவந்த கலையாயிற்றே. நேருக்கு நேர் சொன்னால், “அதெல்லாம் எதுக்குங்கக்கா” என்று என் வாயை அடைத்துவிடுவாள். அதனால் காத்திருந்தேன். அவள் நூலைப் பல்லில் கடித்துக் குனிந்து ஓட்ட ஆரம்பித்த பிறகு பேசினேன். இப்போது அவளால் பதில் பேச முடியாது.

“அன்னைக்கு நீ நூலப் போட்டிருந்தீன்னா நான் செத்துப் போயிருப்பேன் கண்ணு. தீபாவளி யாவாரம் பாத்துட்டே செத்திருப்பேன். வந்த காச வேண்டாம்னு சொல்றதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்னு எனக்குத் தெரியும். எனக்கு அந்தத் தெம்பு வந்ததில்ல. நீ நல்லா இருக்கோணும்.”

குரல் தடிமனாகத்தான் வந்தது. காத்திருந்த பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

நூல் நின்றுவிட்டது. என் முகத்துக்கு மேலே அவள் முகம், உதட்டுக்கு நடுவே வெள்ளை நூல், கண் இரண்டும் நிறைந்து.

“கடிச்சுட்டே இரு,” என்றேன். “எடுத்தீன்னா எதாச்சும் பேசுவ.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நூல் மறுபடி ஓடத் தொடங்கியது.